விசைத்தறித் தெருவில் அதிர்வு ஸ்விட்ச்: ரயில்வே கேட் மாதிரிக்காக வாங்கிய மூன்று வகைகள்

எங்கள் பள்ளி மாணவர்களுடன் சேர்ந்து ரயில்வே கேட் எச்சரிக்கை மாதிரி ஒன்றைச் செய்வதற்காகக் கடந்த மூன்று மாதங்களில் மூன்று வகை அதிர்வு ஸ்விட்சுகளை வாங்கிப் பயன்படுத்தினேன். வண்டி நெருங்கும்போது தண்டவாளத்தில் உண்டாகும் நடுக்கத்தை உணர்ந்து, இரண்டு சிவப்பு விளக்குகளை மாறி மாறி எரியவிட்டு, மணியையும் ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பதே அந்த மாதிரியின் வேலை. இந்த ஸ்விட்சுகளைப் பற்றிக் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் மேசையை விரலால் தட்டிக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. நாங்கள் வேலை செய்த இடமோ சேலத்தின் கொண்டலாம்பட்டிப் பகுதியில், இரு பக்கமும் விசைத்தறி ஓடும் தெருவில் உள்ள என் வீட்டு முன்னறை. காலை முதல் இரவு வரை தரை மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும் அந்த அறையில்தான் இந்தப் பொருள்களின் உண்மையான தரம் தெரிந்தது.

பொம்மை ரயில் இதற்குப் போதாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் பாதையில் ஓடும் பேட்டரி வண்டிக்கு எந்த ஸ்விட்சையும் அசைக்கும் அளவு எடை இல்லை. எனவே பன்னிரண்டு அடி நீள பிளைவுட் பலகையில் இரும்பு ஆங்கிள்களைத் தண்டவாளமாகப் பொருத்தி, லேத் பட்டறை ஒன்றில் நான்கு சக்கரங்களைக் கடைந்து வாங்கி, ஏறத்தாழ மூன்று கிலோ எடையுள்ள வண்டி ஒன்றைச் செய்தோம். பழைய காரின் வைப்பர் மோட்டார் அதை இழுக்கிறது.

முதலில் வாங்கியது 18010 என்ற எண்ணில் விற்கப்படும் ஸ்பிரிங் வகை ஸ்விட்ச். விலை பன்னிரண்டு ரூபாய். சிறு குழாய்க்குள் நடுவே ஓர் உலோகக் கம்பி, அதைத் தொடாமல் சுற்றி நிற்கும் மெல்லிய சுருள், அவ்வளவுதான் அதன் அமைப்பு. அசையாதபோது மின்னிணைப்பு இல்லை. நடுக்கம் வந்தால் சுருள் வளைந்து கம்பியைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. இவ்வளவு எளிய பொருள் இவ்வளவு நுட்பமாக வேலை செய்வது எனக்கு வியப்பாகவே இருந்தது. பலகையின் மறுமுனையில் வண்டியை வைத்த உடனேயே இந்த முனையில் மின்னிணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டர் சத்தம் எழுப்பியது. குறையைச் சொல்வதானால், இதன் இரண்டு கால்களில் ஒன்று தலைமுடி போல மெல்லியது; இரண்டு முறை வளைத்தால் ஒடிந்துவிடுகிறது. ஐந்து ஸ்விட்சுகளில் இரண்டை மாணவர்கள் கையில் எடுத்த அன்றே இழந்தோம். வாங்கியவுடன் அந்தக் காலுக்கு நெகிழ்வான வயரைப் பற்றவைத்து, சுருங்கு குழாயைப் போட்டு மூடிவிடுவது நல்லது. மேலும், இது சில மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தையே தாங்கும் என்பதால் விளக்கையோ மணியையோ இதன் வழியாக நேரடியாக இயக்கக் கூடாது. சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஒரு டிரான்சிஸ்டரோ, மின்காந்த ஸ்விட்சான ரிலேயோ இடையில் கட்டாயம் வேண்டும்.

ஸ்விட்சைவிட அதைப் பொருத்தும் முறையே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. இருபக்கம் ஒட்டும் பஞ்சு டேப்பினால் ஒட்டியபோது, அந்தப் பஞ்சே அதிர்வைக் குடித்துவிட்டது. கேபிள் டை போட்டு ஆங்கிளின் அடிப்பக்கத்தோடு இறுகக் கட்டிய பிறகே சீராக வேலை செய்தது. சுருள் பக்கவாட்டில்தான் எளிதாக வளையும் என்பதால், குழாயைச் செங்குத்தாக நிறுத்தாமல் தண்டவாளத்தோடு படுக்கையாக வைத்தால் மேலிருந்து விழும் அடி அதன் குறுக்கே விழுகிறது. இன்னொன்றையும் கவனித்தோம். இரண்டு ஆங்கிள்கள் சேரும் இடத்தில் விட்டிருந்த சிறிய இடைவெளிக்கு அருகே ஸ்விட்சைக் கட்டியபோது ஒவ்வொரு சக்கரமும் ஒரு தெளிவான தட்டலைத் தந்தது. இடைவெளி இல்லாத நடுப்பகுதியில் கட்டியபோது, ஒரு மாலையில் ஓட்டிய நாற்பது ஓட்டங்களில் மூன்றை அது தவறவிட்டது. நிஜப் பாதைகளில் நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்கள் வந்த பிறகு அந்தப் பழைய தடக் தடக் சத்தம் பெரும்பாலும் மறைந்துவிட்டதை மாணவர்களுக்கு விளக்க இது நல்ல வாய்ப்பாக அமைந்தது.

உண்மையான தொல்லை தறியிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டில் தறி ஓடத் தொடங்கினால், வண்டி அசையாமல் நின்றாலும் எங்கள் சிவப்பு விளக்குகள் எரிந்தன. மின்சாரம் நின்று தறிகள் ஓய்ந்தால், பேட்டரியில் ஓடிய எங்கள் மாதிரியும் நல்ல பிள்ளை போல அமைதியானது. பலகையின் கால்களுக்கு ரப்பர் வைத்தோம். கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. அதற்குப் பதிலாக உணர்திறன் குறைந்த, கெட்டியான சுருள் கொண்ட ஸ்பிரிங் ஸ்விட்சைப் பொருத்தினோம். அது தறியையும் விட்டது, சில சமயம் வண்டியையும் விட்டது. வழி சொன்னவர் அந்தத் தறியின் உரிமையாளரேதான். எங்கள் பாட்டைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாடா அடிக்கிறது ஒரே சீரா இருக்குமுங்க சார், ரயிலு அப்படியா வரும்? விடாம கடகடன்னுல்ல வரும்" என்றார். நூலைக் குறுக்கே கொண்டு செல்லும் நாடா சாதாரண விசைத்தறியில் நிமிடத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட முறை அடிக்கும்; அதாவது நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி. ஒவ்வொரு அடிக்கும் சுருள் பல முறை துள்ளுவதால் வெறும் துடிப்புகளை எண்ணினால் குழப்பமே மிஞ்சும். எனவே ஆர்டுயினோ நானோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையில் ஒரு நொடியைப் பத்துக் கூறுகளாகப் பிரித்து, ஒரு கூறுக்குள் எத்தனை துள்ளல் வந்தாலும் ஒன்றாகவே கொண்டு, பத்தில் ஆறு கூறுகளிலாவது நடுக்கம் இருந்தால் மட்டுமே வண்டி வருகிறது என்று முடிவு செய்யும்படி நிரல் எழுதினோம். தறிக்கு இரண்டு அல்லது மூன்று கூறுகளே நிரம்பின. வண்டிக்கு எட்டுக்குக் குறையவில்லை. அன்று மாலை தறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க விளக்குகள் அணைந்தே இருந்ததையும், வண்டி நகர்ந்ததும் அவை எரிந்ததையும் பார்க்க அவரும் வந்து நின்றார்.

இரண்டாவதாக வாங்கியது எஸ்டபிள்யூ-420 என்ற உருளை வகை ஸ்விட்ச் பொருத்திய சிறு பலகை, ஐம்பத்தைந்து ரூபாய். இதில் இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் எல்எம்393 என்ற ஐசி (சில்லு), ஒரு நீலத் திருகு, இரண்டு சிறு விளக்குகள், மூன்று இணைப்பு முனைகள் ஆகியவை உள்ளன, 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் இயங்கும். அந்தத் திருகைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைத் திருப்பினால் உணர்திறன் கூடும் அல்லது குறையும் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். திருகு மாற்றுவது ஐசி ஒப்பிடும் மின்னழுத்தத்தின் அளவை மட்டுமே; உள்ளே இருக்கும் ஸ்விட்சோ திறந்திருக்கும் (மின்னிணைப்பு இல்லை) அல்லது மூடியிருக்கும் (மின்னிணைப்பு உண்டு), இடைப்பட்ட நிலை அதற்கு ஏறக்குறைய இல்லை. ஆகவே திருகின் பெரும்பகுதி வீண். ஒரு குறுகிய எல்லைக்குள் மட்டுமே சிறிதளவு மாற்றம் தெரிகிறது. மெல்லிய நடுக்கத்தை உணர்வதிலும் இது ஸ்பிரிங் வகைக்கு ஈடாகவில்லை.

அப்படியிருந்தும் எங்கள் மாதிரியில் இறுதியில் இடம்பெற்றது இதுதான். காரணம், இது ஓய்வு நிலையில் மூடியிருக்கும் வகை. நடுக்கம் வந்தால் திறக்கும். ஸ்பிரிங் ஸ்விட்சின் வயரை யாரேனும் அறுத்துவிட்டால், பாதையில் எதுவும் வரவில்லை என்ற நிலைக்கும் வயர் அறுந்த நிலைக்கும் வேறுபாடே தெரியாது. விளக்கு எரியாது, வண்டி வந்துவிடும். மூடியிருக்கும் வகையில் வயர் அறுந்தால் அதுவே நடுக்கமாகக் கொள்ளப்பட்டு விளக்கு எரிகிறது. ஆர்டுயினோவின் உள்ளீட்டு முனையில், வயர் அறுந்தாலும் அங்கே மின்னழுத்தத்தை நிறுத்திவைக்கும் ஒரு புல்அப் மின்தடையை வைத்தபின், ஸ்விட்ச் பலகைக்குச் செல்லும் வயர்களை மாணவர்களைக் கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சிவப்பு எரிந்தது. தூசியோ ஈரமோ படிந்தால் உருளை சரியாகத் தொடாமல் பொய்யாக எச்சரிக்கும் குறை இதற்கு உண்டு. ஆனால் எச்சரிக்கை விளக்கு வீணாக எரிவதை நான் பொறுத்துக்கொள்வேன். எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் இருப்பதை ஒருபோதும் பொறுக்க முடியாது.

நிஜ ரயில்வேயின் சிக்னல் ஏற்பாடுகளும் இந்த எண்ணத்தின் மீதே கட்டப்பட்டவை. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872இல் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட்டில், இரண்டு தண்டவாளங்களின் வழியாகவும் சிறிய மின்னோட்டம் ஓடி ஒரு ரிலேயைப் பிடித்துவைத்திருக்கும். வண்டியின் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, மின்னோட்டம் ரிலேயை எட்டாமல் அது விழுந்து சிக்னல் சிவப்பாகிறது. பேட்டரி தீர்ந்தாலும், வயர் அறுந்தாலும், தண்டவாளமே உடைந்தாலும் விளைவு அதே சிவப்புதான். பன்னிரண்டு ரூபாய் ஸ்விட்சையும் ஐம்பத்தைந்து ரூபாய் பலகையையும் அருகருகே வைத்து இந்தத் தத்துவத்தை ஒன்பதாம் வகுப்புக்குப் புரியவைக்க முடிந்தது என்பதற்காகவே இந்தச் செலவு தகும் என்பேன்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்திருந்தபோது ஒரு மாணவி, "சார், வண்டி கேட்டு நடுவுலயே நின்னுட்டா?" என்று கேட்டாள். நிறுத்திப் பார்த்தோம். கடைசி நடுக்கத்திலிருந்து எட்டு நொடிகள் கழித்து விளக்குகள் அணைந்தன, மணி நின்றது; வண்டியோ சாலையின் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. முள்ளுவாடி கேட்டில் காத்து நின்று பழகிய சேலத்துக்காரர் எவருக்கும் அந்தக் காட்சியின் ஆபத்தை விளக்கத் தேவையில்லை. நிற்கும் வண்டி அதிராது. அதிராததை அதிர்வு ஸ்விட்ச் எந்த விலையில் வாங்கினாலும் அறியாது. எட்டு நொடியை எண்பதாக்கினாலும் இது தீராது. எனவே கேட்டுக்கு முன்னும் பின்னும், காந்தம் அருகே வந்தால் இணையும் ரீட் ஸ்விட்ச் ஒவ்வொன்றை வைத்து, வண்டியின் அச்சுகளுக்கு அடியில் சிறு காந்தங்களை ஒட்டி, உள்ளே சென்ற எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் சமமாகும் வரை விளக்கு அணையாதபடி மாற்றினோம். இன்று ரயில்வே பயன்படுத்தும் அச்சு எண்ணிக் கருவியும் இவ்வாறே கணக்கிடுகிறது. அங்கே காந்தத்துக்குப் பதிலாக, தண்டவாளத்தில் பொருத்திய சுருள்களின் புலத்தைச் சக்கரமே மாற்றுகிறது. இப்போது எங்கள் மாதிரியில் அதிர்வு ஸ்விட்ச் ஏதோ வருகிறது என்ற முதல் செய்தியைச் சொல்ல மட்டுமே; போய்விட்டது என்று சொல்லும் உரிமை அதற்கு இல்லை.

மூன்றாவது வகையான பீசோ தட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் 27 மில்லிமீட்டர் பித்தளைத் தட்டு அது. அசையும் பாகமே கிடையாது. நடுக்கத்தின் அளவுக்கேற்ப மின்னழுத்தம் தருவதால் தறியையும் வண்டியையும் பிரிக்க மிகவும் ஏற்றது. ஆனால் ஒரு மெகா ஓம் மின்தடையும், அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைத் தடுக்கும் ஜீனர் டயோடும் இல்லாமல் நேரடியாக இணைத்தால் ஆர்டுயினோவின் முனை கெடலாம். கல்லூரி மாணவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன், பள்ளி மாணவர்களுக்கு அல்ல.

இவற்றில் எதையும் நிஜத் தண்டவாளத்தில் கட்டிச் சோதிக்க எவரும் முயலக் கூடாது. ரயில்வே எல்லைக்குள் அத்துமீறி நுழைவது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றம். அதைவிட, உயிருக்கே ஆபத்து. அகலப் பாதையில் இருந்த ஆளில்லா கேட்டுகள் எல்லாம் 2019 ஜனவரியோடு அகற்றப்பட்டுவிட்டதால் அங்கே இப்படியொரு கருவிக்குத் தேவையும் இல்லை.

வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. பழைய பேருந்து நிலையம் அருகே நான் வாங்கிய கடையில் ஸ்பிரிங் வகைகள் எல்லாம் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் அவற்றில், கெட்டியான சுருள் கொண்டதையே உணர்திறன் மிக்கது என்று முதல் முறை கொடுத்துவிட்டார்கள். மறுமுறை சென்றபோது மல்டிமீட்டரைத் தந்து ஒவ்வொன்றையும் சோதித்து எடுத்துக்கொள்ள அனுமதித்ததைப் பாராட்டியே ஆக வேண்டும். ஸ்விட்சைக் கையில் பிடித்து மணிக்கட்டை மட்டும் லேசாக அசைத்தால் மீட்டர் ஒலிக்க வேண்டும். உள்ளங்கையில் தட்டினால்தான் ஒலிக்கிறது என்றால் அது மற்ற வகை. உருளை வகையில் சோதனை நேர்மாறானது: அசையாமல் வைத்திருக்கும்போது ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும், குலுக்கினால் விட்டு விட்டு நிற்க வேண்டும். எதை வாங்கினாலும் தேவைக்கு மேல் இரண்டு சேர்த்தே வாங்குங்கள்; அந்த மெல்லிய கால் மாணவர் கையில் நிச்சயம் ஒடியும்.