முதல் தலைமுறை மின்சாரக் கார்: வண்டி நலம், பேட்டரிதான் சிக்கல்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானிலேயே குடியிருக்கும் நண்பர் ஒருவர், நான் வைத்திருக்கும் அதே முதல் தலைமுறை மின்சாரக் கார் ஒன்று மிக மலிவாக விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லாததால் இதை எழுதுகிறேன். தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை.

வண்டியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எண்ணெய் மாற்றும் வேலை இல்லை. முடுக்கு மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதால் பிரேக் கட்டைகள் தேய்வதும் அரிது. செம்பனைத் தோட்டத்துக்குள் செல்லும் செம்மண் பாதையில், பழக்குலை ஏற்றிய லாரிகள் கிழித்துவிட்ட தடங்களின் மேல் இந்தக் கார் ஊர்ந்து போகும் நிதானத்தை எந்த கியர் வண்டியிலும் நான் கண்டதில்லை. சக்கரத்தின் கீழ் சரளைக் கல் நெரியும் ஓசை மட்டுமே கேட்கும். பழைய லயத்து வாசலில் படுத்திருக்கும் நாய்களுக்கு அதுவும் கேட்பதில்லை போலும். ஹார்ன் அடித்த பிறகுதான் எழுந்து, நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்கின்றன.

ஆனால், பேட்டரி தேய்ந்துவிட்டது. ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகிய சிறு கருவி கைப்பேசிக்கு அனுப்பும் கணக்கின்படி, அதன் கொள்ளளவில் இப்போது எஞ்சியிருப்பது 64 விழுக்காடு. லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. நம் நாட்டிலோ ஆண்டு முழுவதும் வெயில்தான். மகள் தைப்பிங்கில் இருக்கிறாள். போக வர 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். முன்பு போய்த் திரும்பிய பின்னும் மிச்சம் இருக்கும். இப்போது கோலக்கங்சாரைத் தாண்டி புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் ஏறும்போதே, திரையில் தெரியும் கிலோமீட்டர் எண் ஓடிய தூரத்தைவிட விரைவாகக் குறைகிறது. குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஏறுகிறேன். மகள் வீட்டில் சார்ஜ் ஏறுவதற்குள் மதியச் சாப்பாடு இரவுச் சாப்பாடாகிவிடுகிறது.

இதே காருக்குப் பின்னர் வந்த பதிப்பில், ஏறத்தாழ அதே அளவுள்ள பெட்டிக்குள் கூடுதல் கொள்ளளவு கொண்ட பேட்டரியை அந்த நிறுவனமே பொருத்தி விற்றது. அதை எனக்கு விலைக்குத் தாருங்கள் என்றுதான் கேட்டேன், இலவசமாகக் கேட்கவில்லை. பழைய வண்டிகளுக்கு அத்தகைய திட்டம் இல்லை என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. வேண்டுமானால் பழைய கொள்ளளவிலேயே புதியதொன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருவார்களாம். அதற்குச் சொன்ன விலை என் காரின் இன்றைய சந்தை விலையைவிட அதிகம்.

இது உலகில் நடக்காத காரியமன்று. 2016-இல் ரெனோ நிறுவனம் தன் ஸோயி காரின் 22 கிலோவாட்-மணி (பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) பேட்டரியை 41 கிலோவாட்-மணிக்கு உயர்த்தியபோது, ஐரோப்பாவில் சில நாடுகளில் பழைய உரிமையாளர்களுக்கும் அதை மாற்றித் தர முன்வந்தது. பிஎம்டபிள்யூ நிறுவனமும் அதே ஆண்டில் ஐ3 காருக்குக் குறிப்பிட்ட சில சந்தைகளில் அப்படியொரு மாற்றத்தை அறிவித்தது. டெஸ்லா 2014-இல் தன் பழைய ரோட்ஸ்டருக்கு மேம்பாட்டை அறிவித்து, பின்னர் பேட்டரிக்கு 29,000 டாலர் கேட்டது. கொள்ளை விலைதான், ஆயினும் வேண்டியவர் வாங்கிக்கொள்ள வழி இருந்தது. 2010-இல் ஒரு கிலோவாட்-மணிக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்த பேட்டரியின் சராசரி விலை, புளூம்பெர்க்நெஃப் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கின்படி 2024-இல் 115 டாலராக இறங்கிவிட்டது. அந்த இறக்கத்தின் பயன் புதிதாக வாங்குவோருக்கு மட்டும் போகிறது. விலை உச்சத்தில் இருந்தபோது துணிந்து வாங்கியவர்களுக்கு விண்ணப்பிக்கக்கூட ஒரு படிவம் இல்லை.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. பேட்டரியைக் கண்காணிக்கும் மென்பொருள் புதிய கொள்ளளவை ஏற்க வேண்டும். எடை கூடினால் சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் மறுபடி சோதிக்க வேண்டும். லித்தியம் பேட்டரி ஆபத்தான சரக்கு என்ற வகையில் வருவதால் கப்பலில் ஏற்றுவதற்கும் தனி விதிகள். மலேசியாவில் இத்தகைய பழைய கார்கள் மிகச் சிலவே. அவற்றுக்காக இத்தனையும் செய்வது கட்டுப்படியாகாது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அப்படியானால் அதைச் சொல்லிவிட்டுப் போகட்டும். இரண்டு வரியில் கதவைச் சாத்தியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அண்மையில் ஒரு காலை, கார் அடியோடு எழவே இல்லை. பெரிய பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தும் விளக்குக்கூட எரியவில்லை. பழுதானது, பெட்ரோல் கார்களில் இருப்பதைப் போன்ற, விளக்குகளையும் மின்னணுக் கருவிகளையும் இயக்கும் 12 வோல்ட் சிறு பேட்டரி. பசார் பக்கத்திலுள்ள பேட்டரிக் கடைத் தவுக்கே வீட்டுக்கே வந்து, பழையதைக் கழற்றிப் புதியதை வைத்து, பழையதற்கு விலையும் கழித்துக்கொண்டு, காப்பி ஆறுவதற்குள் போய்விட்டார். பெரிய பேட்டரிக்கும் இப்படி விலை கொடுத்து மாற்ற ஒரு வழி வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நண்பரே, கணக்குப் பார்த்தால் ஊருக்குள் ஓட்டவும் ஈப்போவுக்குப் போய் வரவும் இந்தக் கார் இன்னும் தாங்கும். ஆனாலும் வாங்காதீர்கள். ரோன்95 பெட்ரோல் உதவித்தொகையோடு 1 ரிங்கிட் 99 சென்னுக்குக் கிடைக்கும்போது, பேட்டரிக்கு வழியில்லாத வண்டியை மலிவு என்பதற்காக வாங்குவது வீண். மின்சாரக் கார்தான் வேண்டுமென்றால் புதியதைப் பாருங்கள், புரோட்டோன் இ.மாஸ் 7 கூட 2024 டிசம்பரில் 110,000 ரிங்கிட்டுக்கும் குறைவான தொடக்க விலையில் வந்தது. இன்றைய கார்கள் பலவற்றின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறது. எந்த நிறுவனமானாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: உத்தரவாதம் முடிந்த பிறகு, நீங்கள் அப்போது விற்கும் பேட்டரியை இந்தக் காருக்கு விலைக்குத் தருவீர்களா? விற்பனையாளர் அதற்குப் பதில் சொல்லாமல் வண்ண அட்டையை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.