தொட்டிப் பாசிக்கு இருட்டா, மருந்தா?

மீன் தொட்டி மணலில் நீலப்பச்சையாக வழுவழுவென்று படர்ந்து, விரலால் தூக்கினால் பாலாடை மாதிரிக் கழன்று, சேற்று வாடை அடிக்குதா? கிளிநொச்சியில் என் தொட்டியிலும் இதே கூத்துத்தான். அது உண்மையில் பாசியில்லை, சயனோபக்டீரியா என்ற, வெளிச்சத்தில் வளரும் ஒருவகைப் பக்டீரியா. பாசி தின்னும் மீன்கூட அதை அநேகமாகத் தொடாது.

இதைப் போக்க இரண்டு வழி: தொட்டியை மூடி இருட்டாக்குவது, இல்லையென்றால் பக்டீரியாவைக் கொல்லும் எரித்ரோமைசின் மருந்து விடுவது. எதைச் செய்தாலும், முதலில் குழாயால் அதை உறிஞ்சி எடுங்கோ.

செலவு: இருட்டுக்கு ஒரு பழைய போர்வை போதும். எரித்ரோமைசினுக்குக் காசு வேணும்.

பாடு: இருட்டென்றால் மூன்று நாள் முழுக்க மூடவேணும், எட்டிப் பார்க்கிற பிள்ளைகளைத்தான் சமாளிக்கேலாது. மருந்தை அளந்து ஊற்றினால் சரி.

ஆபத்து: மருந்து வடிகட்டியில் உள்ள நல்ல பக்டீரியாவையும் தாக்கலாம், பிறகு மீனுக்கு நஞ்சான அமோனியா ஏறும். இருட்டில் செத்தது அழுகி ஒட்சிசன் குறையும். எயார் பம்ப் நிற்கக்கூடாது. கரண்ட் போனால் கவனம்.

முடிந்ததும் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கோ. கிணற்று நீரில் பொதுவாகக் குளோரின் இல்லை, ஆனால் உரம் போடும் தோட்டத்துக் கிணறென்றால் நைத்திரேற்று இருக்கலாம், பாசிக்கு அதுவும் தீனி.

முதல்தரம் வந்தால் இருட்டு. இரண்டுதரம் மூடியும் திரும்பி வந்தால் மட்டும் மருந்து.