மூன்று மொழித் தளத்துக்கு ஹ்யூகோ எப்படி?

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு இணையத்தளம் வேண்டும், ஆனால் மாதாமாதம் சேர்வருக்குப் பணம் கட்ட வசதியில்லை என்று ஒரு நூலகமோ சங்கமோ கேட்டால் நான் முதலில் சொல்வது ஹ்யூகோவைத்தான். உரைக்கோப்புகளிலிருந்து தளத்தின் பக்கங்களை முன்கூட்டியே கட்டித் தரும் மென்பொருள் இது, ஆகவே மாதக் கட்டணச் சேர்வர் தேவையில்லை. இலவசம், திறமூலம், கோ என்ற நிரல்மொழியில் எழுதியது. ஒரே ஒரு கோப்பை இறக்கி வைத்தால் போதும், வேறு எதையும் நிறுவ வேண்டாம். நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருந்தாலும் ஓரிரு நொடியில் கட்டி முடித்துவிடும். வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று, அதனால் நான் மொழி விஷயத்தை மட்டும் பார்க்கிறேன்.

2016 இல் வந்த 0.17 பதிப்பிலிருந்தே பன்மொழி வசதி ஹ்யூகோவுக்குள்ளேயே இருக்கிறது, ப்ளகின் (கூடுதல் செருகுநிரல்) எதுவும் தேவையில்லை. கோப்பின் பெயருக்கு நடுவே மொழிக் குறியீட்டைப் போடலாம், இல்லாவிட்டால் மொழிக்கு ஒரு ஃபோல்டர் வைக்கலாம். எனக்கு ஃபோல்டர் முறைதான் பிடிக்கும், ஏனென்றால் சிங்களத்தில் எழுதுபவர் தன் ஃபோல்டரைத் தவிர வேறெதையும் தொட வேண்டியதில்லை. ஒரே பாதையில் ஒரே பெயரில் இருக்கும் பக்கங்களை அதுவே ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு என்று சேர்த்துக்கொள்ளும். பெயர் வேறுபட்டால் பக்கத்தின் தலைப்பகுதியில் ட்ரான்ஸ்லேஷன் கீ என்று ஒரு வரி கொடுத்தால் சரியாகிவிடும்.

உள் இணைப்புகள் இன்னும் நன்றாக இருக்கின்றன. ரெஃப் (ref) என்ற குறுக்குக்குறியீட்டால், அதாவது உரைக்குள் எழுதும் சிறு கட்டளையால், ஒரு பக்கத்தைச் சுட்டினால், தமிழ்ப் பக்கத்தில் இருக்கும் இணைப்பு தமிழ்ப் பக்கத்துக்கே போகும். அந்தப் பக்கம் தமிழில் இல்லையென்றால் பிழை காட்டித் தளத்தைக் கட்டாமலே நின்றுவிடும். முதலில் எரிச்சலாக இருக்கும், ஆனால் தமிழ் வாசகர் ஒருவர் இணைப்பை அழுத்தி வெறும் 404 பக்கத்தில் போய் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு அமைப்பை மட்டும் முதல் நாளே மாற்றிவிடுங்கள். ஹ்யூகோ இயல்பாக ஆங்கிலத்தை முதன்மை மொழியாக எடுத்துத் தளத்தின் வேரில், அதாவது முதல் முகவரியிலேயே வைக்கும், தமிழும் சிங்களமும் கிளைப் பாதைகளுக்குப் போய்விடும். டிஃபால்ட் கன்டென்ட் லாங்குவேஜ் இன் சப்டிர் (defaultContentLanguageInSubdir) என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால் மூன்றுக்கும் தனித்தனிப் பாதை கிடைக்கும். இலங்கையில் சிங்களமும் தமிழும் ஆட்சி மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. அப்படியிருக்க ஆங்கிலத்தை வீடாகவும் மற்ற இரண்டையும் திண்ணையாகவும் வைக்கும் தளங்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். பின்னால் மாற்றினால் முகவரிகள் எல்லாம் மாறும், ஆகவே தொடக்கத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது.

"மேலும் வாசிக்க", "தேடு" மாதிரியான சின்னச் சொற்களுக்கு ஐ18என் (i18n) என்ற ஃபோல்டரில் மொழிக்கு ஒரு கோப்பு. ஒருமை பன்மை விதிகளை யூனிகோடின் சிஎல்டிஆர் என்ற மொழிவாரி விதித் தொகுப்பின்படியே எடுக்கிறது, அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் 1 மட்டும்தான் ஒருமை, 0 பன்மைக்குப் போகும். சிங்களத்தில் 0, 1 இரண்டுமே ஒருமை வகையில் வரும். "0 நிகழ்வுகள்" என்று காட்டும் இடத்தில் சிங்களப் பக்கம் வேறு வரியை எடுத்தால் பிழை என்று நினைத்துவிடாதீர்கள், சிங்களம் தெரிந்தவரிடம் கேட்டு அந்த வரியை எழுதுங்கள்.

இப்போது குறைகள். பெரும்பாலான தலைவலி தீம்களிடமிருந்துதான் (தளத்துக்குத் தோற்றம் தரும் ஆயத்த வடிவமைப்புகள்) வருகிறது. பன்மொழி ஆதரவு உண்டு என்று எழுதியிருந்த ஒரு தீமை நம்பி எடுத்தேன், திறந்து பார்த்தால் தேதி முழுக்க ஆங்கிலம். காரணம் எளிது. பக்கத்தின் தேதியிலேயே டாட் ஃபார்மட் போட்டால் ஹ்யூகோ மொழிபெயர்க்காது, ஆங்கில மாதப் பெயர்தான் வரும். அதை டைம் டாட் ஃபார்மட் என்று மாற்றி டேட் லாங் வடிவம் கொடுத்தால் தமிழ்ப் பக்கத்தில் "ஜனவரி" தானாக வந்துவிடும். ஒரு தீமை எடுப்பதற்கு முன் அதன் டெம்ப்ளேட்டுகளில் (பக்க அச்சுகளில்) இந்த ஒன்றைத் தேடிப் பாருங்கள், அவர்கள் மொழி விஷயத்தில் எவ்வளவு அக்கறை எடுத்தார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது ரிமூவ் பாத் ஆக்சென்ட்ஸ். ஐரோப்பிய எழுத்துகளின் மேலுள்ள குறிகளை முகவரியிலிருந்து நீக்குவதற்கான அமைப்பு, இயல்பில் அணைந்தே இருக்கும். யாராவது நல்லதென்று நினைத்து இயக்கினால் நம் புள்ளியும் ஈகாரக் குறியும் சேர்ந்து போய்விடும், யூனிகோடில் அவையும் அதே வகைக் குறிகள்தான். "நீர்" என்ற பக்கம் "நர" ஆகிவிடும்! தொடவே வேண்டாம்.

வாசிக்கும் நேரத்தை நிமிடத்துக்கு 213 சொற்கள் என்று கணக்கிடுகிறது. நம் சொற்கள் நீளமானவை, ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் சொல்வதை நாம் ஒட்டுச் சேர்த்து ஒரே சொல்லில் முடிப்போம், அதனால் தமிழ்க் கட்டுரைக்குக் காட்டும் நிமிடங்கள் உண்மையைவிடக் குறைவாகவே வரும். நான் அதைக் காட்டுவதே இல்லை.

மொழிபெயர்ப்பு இல்லாத பக்கத்துக்கு ஹ்யூகோ தானாக எதையும் காட்டாது, மொழி மாற்றும் பட்டியிலும் அந்த மொழி வராது. மவுன்ட் (ஒரு ஃபோல்டரை இன்னொன்றின் இடத்தில் காட்டுவது) என்ற வசதியால் ஆங்கிலப் பக்கத்தைத் தமிழ்த் தளத்துக்குள் நிரப்பலாம், ஆனால் தமிழ் என்று முத்திரை குத்திய பக்கத்தில் ஆங்கிலம் இருப்பது வாசகருக்கும் திரைவாசிப்பானுக்கும் குழப்பம். "இது இன்னும் தமிழில் வரவில்லை" என்று ஒரு வரி வைத்து ஆங்கிலப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பதே நேர்மை. தளத்துக்குள் தேடுவதற்கு பேஜ்ஃபைண்ட் என்ற கருவியைப் பயன்படுத்துங்கள், பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் பண்பைப் பார்த்து மொழிக்கு ஒரு அட்டவணையாகப் பிரித்துக்கொள்ளும்.

இதே வேலையைச் செய்யும் மற்ற மென்பொருள்களையும் பார்த்துத்தான் சொல்கிறேன். ஜெகிலில் பன்மொழி உள்ளமைந்ததில்லை, பாலிகிளாட் போன்ற ப்ளகின் வேண்டும், தளத்தை வைக்க உதவும் கிட்ஹப் பேஜஸின் வழக்கமான கட்டமைப்பு அதை ஏற்காது என்பதால் கிட்ஹபின் ஆக்ஷன்ஸ் என்ற தானியங்கி வசதி வழியாகப் போக வேண்டும். டாக்குசாரஸ் ஆவணத் தளங்களுக்கு அருமை, சிறிய சங்கத்துக்குப் பாரம். ஆஸ்ட்ரோவில் பாதைகளைப் பிரிக்கும் வசதி இருக்கிறது, சின்னச் சொற்களின் மொழிபெயர்ப்பை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். ஜாவாஸ்க்ரிப்ட் தெரிந்தவர் கைவசம் இருந்தால் ஆஸ்ட்ரோ நல்ல தேர்வுதான்.

ஹ்யூகோவின் பெரிய குறை பதிப்பு மாற்றம். இன்னும் 0 இல் தொடங்கும் எண்கள்தான், 2025 ஏப்ரலில் வந்த 0.146 டெம்ப்ளேட் அமைப்பையே புரட்டிப்போட்டது, பழைய வழிகாட்டிகளில் பாதி இப்போது பொருந்தாது. எந்தப் பதிப்பில் தளம் ஓடுகிறதோ அதை நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்ற, தளத்தை வைக்கும் இடங்களில் எண்ணோடு குறித்துப் பூட்டிவிடுங்கள். அப்புறம், எழுதுபவர்களிடம் கிட்டையும் (கோப்பு மாற்றங்களைப் பதியும் கருவி) மார்க்டவுனையும் (எளிய குறிகளால் எழுதும் முறை) திணிக்காதீர்கள். டெகாப் சிஎம்எஸ் என்ற எழுதுதிரையைச் சேர்த்தால் ஒரே திரையில் சிங்களமும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் திறக்கும், அலுவலகத்தில் இருப்பவரே நிகழ்ச்சி அறிவிப்பைப் போட்டுவிடலாம்.