இரவில் மனநல நெருக்கடி: அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு எப்படி?

செலவில்லை, நள்ளிரவிலும் பார்ப்பார்கள். அதற்கே பாதி மதிப்பெண். குறை, ‘மென்டல் கேஸ்’ என்று ஓரங்கட்டுவது. சர்க்கரை, காய்ச்சல், நாடி, ஆக்சிஜன் நான்கையும் பார்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள்: சர்க்கரை இறங்கினாலும், தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினாலும் பிதற்றல் வரும்.

ஆவேசத்துக்கு ஹாலோபெரிடால் ஊசி போட்டால் கூடவே புரோமெத்தசினும் (அலர்ஜிக்கும் தரும், தூக்கம் வரவைக்கும் மருந்து) போடுவது நல்லது. தனியாகப் போட்டால் சிலருக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். கட்டிலில் கட்டிப்போட்டுவிட்டு யாரும் எட்டிப்பார்க்காததுதான் மோசம்.

மனநல டாக்டர் பெரும்பாலும் ‘ஆன் கால்’, அதாவது கூப்பிட்டால்தான் வருவார்; காத்திருக்கத்தான் வேண்டும். பழைய சீட்டு, காலி மாத்திரை அட்டை உட்பட எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போங்கள். 2017 மனநலச் சட்டப்படி அவசர சிகிச்சை பொதுவாக 72 மணி நேரம்தான். அதன் பெயரில் ஷாக் ட்ரீட்மென்ட் கொடுக்கக் கூடாது. உடனடி ஆபத்து இல்லையென்றால் முதலில் 14416-க்குப் போன் செய்யுங்கள்; அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்.