சம்பளத்தைச் சொல்லலாமா, மூடி வைக்கலாமா?

சக ஊழியரிடம் சம்பளத்தைப் பற்றி வாயே திறக்காமல் இருக்கலாம், அதே வேலை பார்க்கும் ஓரிருவரிடம் மட்டும் சொல்லலாம், அல்லது எல்லாருக்கும் தெரியும்படி வைத்துவிடலாம்.

வாயே திறக்காவிட்டால் பொறாமை, மனக்கசப்பு எதுவும் இல்லை. சரி, இதில் ஆதாயம் யாருக்கு? நிர்வாகத்திடம் எல்லார் கணக்கும் இருக்கிறது. நம்மிடம் நம்முடையது மட்டும். அமெரிக்காவில் குட்இயர் டயர் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் லில்லி லெட்பெட்டர். அதே வேலை பார்த்த ஆண்களைவிடத் தனக்குக் குறைவு என்பது, பெயரில்லாமல் வந்த ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அதற்குள் சுமார் 19 ஆண்டுகள் ஓடிவிட்டன. புகார் காலம் கடந்து வந்தது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 2009-இல் அவர் பெயரிலேயே புதுச் சட்டம் வந்தது. அவருக்கு வரவேண்டிய பணம்தான் வரவில்லை.

அப்போ எல்லாவற்றையும் திறந்து வைத்தால்? கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களுக்கு, சக ஊழியர் சம்பளத்தைப் பார்க்கும் இணையதளம் ஒன்று இருப்பதைச் சொல்லிப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வின்படி, நடு அளவுக்குக் கீழே வாங்கியவர்கள் நொந்துபோனார்கள், வேறு வேலை தேடும் எண்ணமும் கூடியது. மேலே வாங்கியவர்களுக்கோ தனி மகிழ்ச்சி எதுவும் இல்லை. நார்வேயில் யார் வருமானத்தையும் யாரும் பார்க்கலாம். ஆனால் 2014 முதல், பார்த்தவர் யார் என்பது பார்க்கப்பட்டவருக்கும் தெரியும். துருவுகிறவர்கள் கூட்டம் மளமளவென்று கரைந்தது!

என் ஓட்டு நடுவழிக்குத்தான், அதுவும் முழு விவரத்தோடு. ஒருவர் போனஸ் சேர்த்து ஆண்டுத் தொகையைச் சொல்வார். இன்னொருவர் பிடித்தம் போக மாதம் கைக்கு வருவதைச் சொல்வார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் புழுங்கினால் தூக்கம்தான் கெடும். அடிப்படைச் சம்பளம், படிகள், அனுபவம், சேர்ந்த ஆண்டு எல்லாம் தெரிந்தால்தான் ஒப்பிட முடியும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான தனியார் ஊழியர்களின் இந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு தருகிறது. பிரிட்டனில் பாகுபாடு இருக்கிறதா என்று அறியப் பேசினால், சம்பளத்தை வெளியே சொல்லக்கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனை செல்லாது. மற்ற இடங்களில் முதலில் வேலை ஒப்பந்தத்தைப் படித்துவிடுவது நல்லது.

அப்புறம், மேலாளரிடம் போய் "அவருக்கு மட்டும் ஏன் அவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "இந்தப் பொறுப்புக்குச் சம்பள வரம்பு என்ன, அதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேளுங்கள். நம்பிச் சொன்னவரின் பெயர் அந்த அறைக்குள் வரவே கூடாது.