"ஒரு லேப் போறான்" என்றால் நீச்சல் வந்துவிட்டதா? மூன்று நாட்டு அளவுகோல்கள்

கோடை முகாம் முடியும் நாளில் பெற்றோர் கோச்சிடம் கேட்பது ஒன்றுதான்: "எங்க பையனுக்கு நீச்சல் வந்துடுச்சா சார்?" "ஒரு லேப் போறான்மா" என்று பதில் வரும். அதாவது, குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீந்துகிறான். அதை நம்பிப் பிள்ளையைக் கிணற்றுக்கோ ஆற்றுக்கோ அனுப்பலாமா? கூடவே கூடாது. நீச்சல் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று பார்க்கப் பல நாடுகளில் படிநிலைகள் உண்டு. ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். எதைச் சோதிக்க வேண்டும் என்பதிலேயே மூன்றும் ஆளுக்கொரு திசையில் நிற்கின்றன.

ஜெர்மனியில் முதல் படிக்குக் 'கடல்குதிரை' என்று பெயர். விளிம்பிலிருந்து குதித்து 25 மீட்டர் நீந்த வேண்டும். தோளளவுத் தண்ணீரின் அடியில் கிடக்கும் பொருளைக் கையால் எடுக்க வேண்டும். நீச்சல்குள விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். தேறிய குழந்தைகளின் நீச்சலுடையில் அந்தச் சின்னத்தைத் தைத்துவிடுவார்கள். ஆனால் அந்நாட்டு உயிர்காப்புச் சங்கமான டி.எல்.ஆர்.ஜி. இதைப் பெற்றவரைப் பாதுகாப்பாக நீந்தத் தெரிந்தவராக ஏற்பதில்லை. அடுத்த படியான வெண்கலம் வாங்கினால்தான் அந்தத் தகுதி. தொடக்கச் சான்றிதழைக் கொடுக்கும்போதே "இது போதாது" என்றும் சொல்லிவிடும் இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வெண்கலத்தில் 2020-இல் ஒரு முக்கிய மாற்றம் வந்தது. முன்பு 200 மீட்டரை 15 நிமிடத்துக்குள் நீந்தி முடித்தால் போதும். வேகமான பிள்ளை சீக்கிரமே முடித்துக் கரையேறிவிடும். இப்போது 15 நிமிடமும் நீந்தியாக வேண்டும், அதற்குள் குறைந்தது 200 மீட்டர் போயிருக்கவும் வேண்டும். அதில் ஒரு பகுதி குப்புற, ஒரு பகுதி மல்லாந்து. கூடவே 2 மீட்டர் ஆழத்துக்கு முங்கி ஒரு பொருளை எடுத்து வருவதும் உண்டு. அடுத்த படியான வெள்ளிக்கு 20 நிமிடம், 400 மீட்டர். தங்கத்துக்கு 30 நிமிடம், 800 மீட்டர். ஆபத்தில் மாட்டியவருக்கு வேகத்தைவிடத் தாக்குப்பிடிப்பதுதான் முக்கியம் என்பதால், இந்த மாற்றம் மிகச் சரியானது.

நெதர்லாந்தில் ஊரெங்கும் கால்வாய். நீந்தப் போகிறவர் மட்டுமல்ல, தெருவில் நடந்து போகிற குழந்தையும் தண்ணீரில் விழலாம். அங்கே ஏ, பி, சி என மூன்று சான்றிதழ்கள். தொடக்க நிலையான ஏ-யிலேயே சட்டை, கால்சட்டை, ஷூவோடு தண்ணீரில் இறங்க வேண்டும். சி-க்கு வரும்போது முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, ஷூ, அதற்கு மேல் மழைக்கோட்டு. நனைந்த துணி காலைப் பிடித்து இழுக்கும்போது கைகால் எப்படி அசைய வேண்டும் என்பதை உடம்பே பழகிக்கொள்கிறது. இன்னொரு சோதனையில் தண்ணீருக்குள் ஒரு திரையைத் தொங்கவிட்டு, அதில் ஓர் ஓட்டை வைத்திருப்பார்கள். முங்கு நீச்சலில் கண்ணைத் திறந்து தேடி அதன் வழியாக வெளியேற வேண்டும். ஏ-க்குத் திரை 3 மீட்டர் தூரத்தில், பி-க்கு 6, சி-க்கு 9.

இதன் குறை செலவும் காலமும். பள்ளிகளில் நீச்சல் கட்டாயமாக இருந்த நிலை 1985-இல் முடிந்தது. அதன்பின் பெரும்பாலும் பெற்றோர்தான் பணம் கட்டுகிறார்கள். ஏ வாங்கியதும் நிறுத்திவிடும் குடும்பங்களும் உண்டு.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாடத்திட்டத்தில் ஆறு நிலைகள். நான்கு முதல் ஆறு வரை பெரும்பாலும் நீச்சல் பாணிகளைச் செம்மைப்படுத்துவதுதான். போட்டிக்குப் போகாத பிள்ளைக்கு அதில் அவசரமில்லை. அதே சங்கம் தனியாக வகுத்திருக்கும் ஐந்து திறன்கள்தான் தங்கமானவை: தலைக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில் குதிப்பது, மேலே வந்து ஒரு நிமிடம் மிதப்பது, ஒரு முழுச் சுற்றுத் திரும்பிக் கரையேறும் இடத்தைக் கண்டுபிடிப்பது, அதை நோக்கி 25 கெஜம், அதாவது ஏறக்குறைய 23 மீட்டர் நீந்துவது, ஏணியைப் பிடிக்காமல் மேலேறுவது. ஐந்தையும் இடையில் நிறுத்தாமல் அடுத்தடுத்துச் செய்ய வேண்டும். மூன்றாவதைப் பாருங்கள். எதிர்பாராமல் விழுந்தவருக்கு முதலில் குழம்பிப்போவது திசைதான். அதையும் ஒரு திறனாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஐந்தில் உடையைப் பற்றிப் பேச்சே இல்லை.

நம் ஊரில் கிணற்றிலும் கண்மாயிலும் வாய்க்காலிலும் தவறி விழும் பிள்ளை நீச்சலுடையிலா விழப்போகிறது? பள்ளிச் சீருடையிலோ பாவாடையிலோதான் விழும். அதனால் நெதர்லாந்தின் உடைச் சோதனைக்கே என் ஓட்டு. ஆனால் அதை முதலில் வைக்க முடியாது. அமெரிக்காவின் ஐந்து திறன்களை முதல் இலக்காக வையுங்கள். அது கைவந்ததும் ஜெர்மனியின் 15 நிமிடம். அப்புறம் அதே ஐந்தையும் பழைய சீருடையோடு செய்யச் சொல்லுங்கள்.

உடையோடு இறங்கும் நாளில் கோச் கரையில் நிற்கக்கூடாது. தண்ணீருக்குள், பிள்ளைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். துப்பட்டா வேண்டவே வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.