திருப்பூர் பிரேம் கடையில் ஜாஸ்பர் ஜான்ஸின் கொடிகள்

சாமி படம், கல்யாண போட்டோ, காலமானவர்கள் படம், இவற்றுக்கு பிரேம் போடுகிற சின்னக் கடை அது. இப்போது பெரிய பிரிண்டர் ஒன்றும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் குறையும் எழுதப் போகிறேன், அதனால் அந்த அண்ணனின் பிழைப்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது.

நான் வீட்டுச் சுவருக்கென்று பிரிண்ட் போடக் கொண்டு போனது அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1965-இல் வரைந்த ‘கொடிகள்’. அமெரிக்கக் கொடி இரண்டு, ஒன்றின் கீழ் ஒன்று. மேலே இருப்பதில் சிவப்புப் பட்டையெல்லாம் பச்சை, வெள்ளைப் பட்டையெல்லாம் கறுப்பு, நீலக் கட்டம் ஆரஞ்சு, நட்டநடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. கீழ்க்கொடி மொத்தமும் சாம்பல், அதிலும் ஒரு புள்ளி. மேல் புள்ளியை ஒரு நிமிஷம் கண் எடுக்காமல் பார்த்துவிட்டுப் பார்வையைக் கீழ்ப் புள்ளிக்கு இறக்கினால், சாம்பல் மேல் சிவப்பும் வெள்ளையும் நீலமும் மெல்லக் கிளம்பி வரும், கொஞ்ச நேரம் நின்று கரைந்து போகும். ஒரே நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்த கண் அதன் எதிர் நிறத்தைத் தானாகவே காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் பனியன் பிரிண்டிங்கில் பதினைந்து வருஷமாக நிறத்தோடு மல்லுக்கட்டுகிற எனக்கு, படத்திலேயே இல்லாத கொடியை என் கண் வரைவதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

இரண்டு நாளில் தருகிறேன் என்றவர்கள் எட்டு நாள் இழுத்தார்கள். முகூர்த்த மாசம், கல்யாண ஆல்பம் நெருக்கடி, அது புரிகிறது. போனையாவது எடுத்திருக்கலாம். சரி, நேரில் போனால் சுருளைப் பிரித்துக் காட்டினார்கள், இரண்டு கொடியும் பளிச்சென்று சிவப்பு, வெள்ளை, நீலம்! “கலரெல்லாம் மாறிக் கெடந்துச்சுங்க தம்பி, பைல்ல கோளாறுன்னு நெனச்சு நானே சரி பண்ணிப் போட்டுட்டனுங்க” என்றார் அண்ணன். கோபம் வரவில்லை. கொடி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம் மனசுக்குள் உறைந்திருப்பதைத்தானே அந்த ஓவியரும் கையில் எடுத்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. “கொடியைக் கலர் மாத்துனா அவிங்களுக்கு மரியாதைக் குறைவு இல்லீங்களா? நம்ம கொடிய இப்பிடிப் போட்டா சும்மா இருப்பமுங்களா?” கேட்டது எந்த ஊரில்? 1932 ஜனவரியில் போலீஸ் அடியில் மண்டை உடைந்து விழுந்தும் கொடியைக் கையிலிருந்து விடாத சென்னிமலைக் குமரனின் பெயரில் ரோடு ஓடுகிற ஊரில். எங்கள் பட்டறையிலேயே தேசியக் கொடி அடித்தால் சக்கரத்தின் 24 ஆரத்தையும் எண்ணிப் பார்த்துத்தான் அனுப்புவோம், ஒரு ஆரம் மசங்கினாலும் கழிவு.

அமெரிக்காவிலும் இந்தப் பயம் இருந்திருக்கிறது. ஜான்ஸ் 1954-இல் கொடியை வரைவதுபோலக் கனவு கண்டு, செய்தித்தாள் துண்டுகளை ஒட்டி மெழுகு வண்ணம் பூசி வரைந்த முதல் கொடியை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நேரடியாக வாங்கத் தயங்கியது. நாட்டுப்பற்றுச் சங்கங்கள் சண்டைக்கு வருமோ என்று, கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சனை வாங்கி வைக்கச் சொல்லி, பிறகு அவரிடமிருந்து நன்கொடையாகப் பெற்றார்கள். ஆனால் நான் அண்ணனிடம் சொன்னது இன்னொரு கதை. ஜாஸ்பர் என்ற பெயரே ஒரு சிப்பாயின் நினைவாக வைத்தது என்று ஓவியரின் அப்பா அவரிடம் சொல்லியிருக்கிறார். 1776-இல் பீரங்கிக் குண்டு பட்டு விழுந்த கொடியை ஓடிப் போய் எடுத்துத் திரும்ப நட்ட சார்ஜென்ட் வில்லியம் ஜாஸ்பர், மூன்று வருஷம் கழித்து இன்னொரு போரில் கொடியோடு நின்றபோதே சுடப்பட்டு இறந்தவர். “அட, அவிங்க ஊருக் கொடி காத்த குமரனுங்களா?” என்று அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறு பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை. அதிலும் சாம்பலில் லேசாக நீலம் ஓடியது. சாதாரணப் படத்தில் யாருக்கும் தெரியாது, இங்கே சாம்பல் சுத்தமாக இல்லாவிட்டால் கிளம்பி வருகிற நிறம் கலங்கிவிடும். சொன்னதும் சின்னத் துண்டாக மூன்று சாம்பிள் அடித்துப் பார்த்துச் சரியானதைப் பிடித்தார்கள், இந்தப் பொறுமைக்கே இன்னொரு தரம் போவேன். கண்ணாடியில் டியூப்லைட் விழுந்தால் புள்ளியைப் பார்க்க முடியாது என்று பளபளக்காத கண்ணாடியை எடுத்துக் கொடுத்ததும் அவரே. 18-க்கு 24 இஞ்ச், மரச்சட்டம், எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய்.

மெழுகும் செய்தித்தாளும் தெரிகிற முதல் கொடியையோ, 1958-இல் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கித்தானை அடுக்கிச் செய்த ‘மூன்று கொடிகள்’ படத்தையோ இங்கே பிரிண்ட் போடக் கொடுக்காதீர்கள். கடையைக் குறை சொல்லவில்லை, அந்தப் படங்களின் உயிர் தடிமனில் இருக்கிறது, காகிதத்தில் தட்டையாகிவிடும்.

பின்பக்க அட்டைக்கு அடித்த ஆணி இரண்டு வளைந்திருந்தது, கொக்கியும் அரை இஞ்ச் தள்ளி மாட்டியிருந்தார்கள். வாங்கும்போதே திருப்பிப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அண்ணன் படத்தைக் கல்லா மேல் சாய்த்து வைத்து, கண் இமைக்காமல் மேல் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கீழே பார்த்தார். “வருதுங்க தம்பி, செகப்பு வருதுங்க!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, உள்ளே பிரேம் அறுத்துக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டார்.